ஓப்பன் சோர்ஸ் பக்கம் வர நினைக்கும் வடசென்னைக் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதும், தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சிலர் கூடும்போதும், மாணவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லித் தொண்டை கட்டியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. அண்ணா, ஓப்பன் சோர்ஸ்னா ஓசியில கிடைக்கிற சாஃப்ட்வேர்தானே?

விலையில்லாமல் கிடைப்பது அதன் ஒரு விளைவு மட்டுமே. ஒரு மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று அதன் உரிமம் எழுத்தில் அனுமதித்தால்தான் அது ஓப்பன் சோர்ஸ். வாட்ஸப்புக்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் அதன் நிரலைத் திறந்து பார்க்க உங்களுக்கு வழியில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல், யாரும் திருத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தபோது வற்புறுத்தியது இந்த உரிமையைத்தான். தமிழில் பலர் இதைக் கட்டற்ற மென்பொருள் என்று எழுதுவதற்கும் அதுவே காரணம்.

மாணவர்களுக்கு இது அந்நியமான இடமும் அல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை அறிவித்தபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது இளைஞர். 1993இல் லினக்ஸின் ஒரு வடிவமான டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக்கும் பர்டியூ பல்கலைக்கழக மாணவராகத்தான் இருந்தார். நம் ஊருக்கு வந்தால், 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. கைக்கு வந்த வாரமே அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொள்ளக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதைப் பற்றி அதிகம் பேச எனக்கு அருகதை இல்லை.

2. எங்க சிலபஸ்ல இருக்கிற சி, ஜாவா போதுமா? இன்னும் என்னென்ன கோர்ஸ் முடிச்சிட்டு வரணும்?

போதும். சி, ஜாவா, பைத்தான் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில், பிழை எந்த வரியில் வந்தது என்று தேடிப் பார்க்கத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். கூடுதலாகப் பழக வேண்டியது கிட் என்ற கருவி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் திருத்தங்களை நிர்வகிக்க டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது அது. அதில் குளோன் (திட்டத்தை நகலெடுப்பது), பிராஞ்ச் (தனிக் கிளை பிரிப்பது), கமிட் (திருத்தத்தைப் பதிவது), புஷ் (பதிந்ததை மேலே அனுப்புவது) என்ற நான்கையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ளலாம்.

பாடத்திட்டம் கற்றுத்தராதது, பிறர் எழுதிய நிரலைப் படிக்கும் பழக்கம். ரெக்கார்டு நோட்டில் இருபது வரி எழுதி, அவுட்புட்டை ஒட்டி, கையெழுத்து வாங்கிப் பழகியவர்கள் ஐம்பதாயிரம் வரிக்கு முன்னால் திகைப்பது இயல்பு. முழுவதையும் படிக்க முயல வேண்டாம். திரையில் தெரியும் ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு, அது நிரலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடி, அந்த இடத்தை யார் அழைக்கிறார்கள், அவர்களை யார் அழைக்கிறார்கள் என்று பின்னோக்கிப் போனால், ஒரு மாலைப் பொழுதில் உங்களுக்குத் தேவையான நூறு வரி கையில் வந்துவிடும்.

3. வீட்ல லேப்டாப் இல்ல, போன்தான் இருக்கு. வரலாமா?

தாராளமாக. தமிழாக்கத்துக்கு உலாவி மட்டும் இருந்தால் போதும். லிப்ரேஆபிஸ் உட்படப் பல மென்பொருள்களின் சொற்றொடர்கள் வெப்லேட் என்ற தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் பங்களிக்க ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து, இந்தச் சாலை தாரா கான்கிரீட்டா, இங்கே தெருவிளக்கு உண்டா, இந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று அது கேட்கும். பார்த்துப் பதில் சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும்.

இதைச் சில்லறை வேலை என்று நினைக்க வேண்டாம். 2015 பெருவெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சென்னை மக்களே குறித்த இணைய வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான் கட்டப்பட்டது. வரைபடத்தில் இல்லாத சந்தில் தண்ணீர் நிற்பதை யாரும் குறிக்க முடியாது. எம்.சி. ரோட்டின் துணிக்கடைகளுக்குப் பின்னால் போகும் சந்துகளும் காசிமேட்டின் உள்தெருக்களும் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

நிரல் எழுதுவதற்குக் கல்லூரி லேப்தான் நல்லது. போன் திரையில் எழுதவும் செயலிகள் உண்டு. ஆனால் அது கண்ணுக்கும் கழுத்துக்கும் கேடு.

4. கிட்ஹப்ல லட்சக்கணக்குல ப்ராஜெக்ட் இருக்கே, எதை எடுக்கறது?

கிட்ஹப் என்பது இத்தகைய திட்டங்களின் நிரலை வைத்திருக்கும் இணையதளம். நீங்கள் தினமும் பயன்படுத்துவதிலிருந்து தொடங்குங்கள். வி.எல்.சி.யில் படம் பார்க்கிறீர்கள், பயர்பாக்ஸில் தேடுகிறீர்கள், பைத்தான் வகுப்பில் ஏதோ ஒரு நூலகத்தை இறக்கிக்கொள்கிறீர்கள். பயன்படுத்துபவருக்குத்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். பிடித்த திட்டம் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கடைசி கமிட் எப்போது, வெளியாட்கள் அனுப்பிய திருத்தங்களுக்குக் கடந்த மூன்று மாதங்களில் யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா என்ற இரண்டும் தெரிந்தால் போதும். கிட்ஹப்பில் பிடித்தவர்கள் இடும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நமக்கு ஒரு தனி வசதியும் உண்டு. பெரும்பாலான திட்டங்களைத் தமிழ் எழுத்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை. பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 5 என்று சொல்லும். நாம் படிப்பது மூன்று எழுத்து. அது எண்ணுவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற ஐந்து குறியீடுகளை. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைக்கும் படிவமும், நீண்ட சொல்லை நடுவில் வெட்டிக் காட்டும் திரையும் இதில் மாட்டிக்கொள்ளும்.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு மாணவி, குறிப்பெழுதும் செயலி ஒன்றில் 'கொடுத்த' என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் அந்தச் சொல் கிடைக்கவில்லை என்று சொன்னார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அவர் விசைப்பலகையில் அடித்தது முதல் வகை, பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒட்டியது இரண்டாம் வகை. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று எட்டு வரியில் அவர் எழுதிய இஷ்யூவுக்கு (திட்டத்தின் பக்கத்தில் பதியும் குறை அறிக்கைக்கு) மறுநாளே பதில் வந்தது. திருத்தம் ஒரே வரி. அவருக்கு அப்போது ஜாவாவில் ஓர் அரியர் இருந்தது.

5. எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. தப்பா எழுதினா கிண்டல் பண்ணுவாங்களா?

இலக்கணப் பிழைக்காக யாரையும் கேலி செய்து நான் பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்களில் ஜெர்மானியர், பிரேசில்காரர், ஜப்பானியர் எனப் பலருக்கும் அது இரண்டாம் மொழிதான். எரிச்சல் வருவது தகவல் இல்லாதபோது. 'வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்று மட்டும் எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற நான்கையும் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதி, பிழைச்செய்தியைப் படமாக எடுக்காமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். லீவ் லெட்டர் பாணியில் மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்க வேண்டியதும் இல்லை. பெயர் சொல்லி வணக்கம் சொன்னால் அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இது நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

முதலில் தமிழில் கேட்டுத் தெளிய விரும்பினால் கணியம் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுக்கு இரண்டு பேரின் அறிமுகம் கிடைக்கும்.

6. புல் ரிக்வெஸ்ட் போட்டு பதினைஞ்சு நாளாச்சு. பதிலே இல்லை. என்னைப் பிடிக்கலையா?

புல் ரிக்வெஸ்ட் என்பது, என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று திட்டத்துக்கு அனுப்பும் வேண்டுகோள். அதைப் பார்க்க வேண்டிய பராமரிப்பாளருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. பல திட்டங்களைப் பராமரிப்பவர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு இதைத் திறப்பவர்கள். இரண்டு வாரம் கழித்து, 'இதில் நான் மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதற்கும் ஒரு மாதம் பதில் இல்லையென்றால் வேறு திட்டத்துக்குப் போகலாம், தவறில்லை. தினமும் நினைவூட்டுவதும் தனிச்செய்தி அனுப்புவதும் கூடாது.

பதில் வந்து, அதில் பத்துக் குறைகள் சொல்லப்பட்டிருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். ஒருவர் உங்கள் நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறார். கல்லூரியில் அது நடந்திருக்க வாய்ப்புக் குறைவு.

7. அக்டோபர்ல நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டா டி-ஷர்ட் தருவாங்களாமே?

2014இல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். பரிசும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2020இல் டி-ஷர்ட்டுக்காக, திட்டத்தின் அறிமுகம் இருக்கும் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்கள் அவ்வளவு பேர்; பராமரிப்பவர்கள் கொதித்துப்போனதால், தாமே முன்வந்து சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த அக்டோபரிலேயே விதி மாற்றப்பட்டது.

இதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது 2024 தொடக்கத்தில் நடந்தது. ஒரு காணொளிப் பாடத்தில் செய்து காட்டியதை அப்படியே பின்பற்றி, நம் நாட்டு மாணவர்கள் ஏராளமானோர் எக்ஸ்பிரஸ் என்ற திட்டத்தின் ரீட்மீ கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளை அனுப்பினார்கள். பழகிப் பார்க்க உங்கள் சொந்த ரெப்போ (நிரல் களஞ்சியம்) இருக்கிறது, நண்பனுடைய ரெப்போ இருக்கிறது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் எழுதிப் பழகக் கூடாது.

8. லேப் சிஸ்டத்துல செஞ்சேன். என் வேலை வேற யாரோ பேர்ல போயிடுச்சு. என்ன பண்றது?

இது மாதம் ஒருமுறை நடக்கிறது. கமிட்டில் பதியும் பெயரும் மின்னஞ்சலும் அந்தக் கணினியில் கிட்டுக்கு யார் கடைசியாகச் சொல்லிவைத்தார்களோ அவர்களுடையவை. கிட்ஹப்பில் நீங்கள் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. காலை ஷிப்ட் மாணவர் தன் பெயரைக் கணினி முழுமைக்கும் பொதுவாக அமைத்துவிட்டுப் போனால், மாலை ஷிப்ட் மாணவர் செய்வதெல்லாம் அவர் பெயரில்தான் ஏறும். எனவே லேப்பில் உட்கார்ந்ததும் யூசர் நேம், யூசர் ஈமெயில் இரண்டையும் உங்கள் ரெப்போவுக்கு மட்டும், குளோபல் என்ற சொல்லைச் சேர்க்காமல், அமைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஏற்கப்படாத கடைசி கமிட் என்றால் அமெண்ட் கட்டளையால் ஆசிரியர் பெயரைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஏற்கப்பட்டுவிட்டால் விட்டுவிடுவதுதான் மரியாதை.

இன்ஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்றும் கேட்கிறார்கள். எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்தால் சரி. சொந்த மின்னஞ்சல் வெளியே தெரிய வேண்டாம் என்றால், கிட்ஹப் அமைப்புகளில் அதை மறைத்து, அவர்கள் தரும் மாற்று முகவரியைப் பயன்படுத்துங்கள். மாணவிகளுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன்.

9. தம்பி, என் பொண்ணு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து யாருக்கோ சும்மா வேலை செஞ்சு கொடுக்குது. இதுல காசு உண்டா?

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டது இது, நியாயமான கேள்வி. உதவித்தொகையோடு வரும் வாய்ப்புகள் சில உண்டு. 2005 முதல் கூகுள் நடத்தும் சம்மர் ஆஃப் கோடு 18 வயது நிறைந்தவர்களுக்கானது; வேலையின் அளவு சுமார் 90, 175, 350 மணி நேரம் என மூன்று வகை, தொகை நாட்டுக்கு நாடு வேறுபடும். விண்ணப்பம் மார்ச் வாக்கில் வருவதால் அது செமஸ்டர் தேர்வோடு மோதும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். தொழில்நுட்பத்தில் குறைவாக இடம்பெறும் பிரிவினரை மனத்தில் வைத்து நடத்தப்படும் அவுட்ரீச்சியும் உண்டு. மூன்று மாதப் பயிற்சி, வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டிலும் போட்டி கடுமை, ஏற்கெனவே அந்தத் திட்டத்தில் சில மாதங்கள் பழகியவர்களே பெரும்பாலும் தேர்வாகிறார்கள்.

மற்றபடி இதில் நேரடியாகக் காசு கிடையாது, இந்த நிரலை வைத்துப் பெரிய கம்பெனிகள் சம்பாதிக்கின்றன என்பதும் உண்மைதான். பெண்ணுக்குக் கிடைப்பது, வேலை கேட்டுப் போகும் இடத்தில் திறந்து காட்டக்கூடிய, யாரும் சரிபார்க்கக்கூடிய வேலை. அது போதுமா என்பதைக் குடும்பச் சூழலைப் பொறுத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஓப்பன் சோர்ஸ் இன்டர்ன்ஷிப் தருகிறோம், சான்றிதழ் தருகிறோம் என்று உங்களிடம் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

10. சார், இதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா ஏத்துக்கலாமா? அறுபது பேரையும் ஒரே நேரத்துல அனுப்பிடலாமா?

பேராசிரியர் ஒருவர் கேட்டது. முதல் பாதிக்கு ஆம். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிவரும் சி.டி.யைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் திருத்தம் ஏற்கப்பட்டால்தான் மதிப்பெண் என்று வைக்காதீர்கள். அது ஆறாம் கேள்வியில் சொன்னதுபோல யாரோ ஒருவரின் ஓய்வு நேரத்தைப் பொறுத்தது. மாணவர் எதைப் படித்தார், எதைச் சோதித்தார், என்ன பதில் வந்தது என்ற வாராந்திரக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இரண்டாம் பாதிக்கு வேண்டாம் என்பதே பதில். இரண்டு பேர் பராமரிக்கும் திட்டத்தின் வாசலில் அறுபது பேர் ஒரே வாரத்தில் வந்து நின்றால் ஏழாம் கேள்வியின் கதைதான். திட்டத்துக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். முதலில் அங்கே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கல்லூரியின் பெயர் இதில் எவ்வளவு எளிதில் கெடும் என்பதற்கு 2021 சாட்சி. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், பரிசீலனை எப்படி நடக்கிறது என்று சோதிப்பதற்காக லினக்ஸ் கெர்னலுக்கு வேண்டுமென்றே பிழை வைத்த திருத்தங்களை அனுப்பியிருந்தார்கள். அந்த ஏப்ரலில் கெர்னலின் மூத்த பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது எதையும் ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டார். அந்த ஆய்வில் சம்பந்தமே இல்லாதவர்களும் அதில் அடிபட்டார்கள்.

11. சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பலாமா?

திட்டத்தின் விதியை முதலில் படியுங்கள். ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் இத்தகைய பங்களிப்புகளைத் தடை செய்தது. வேறு சிலர் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்கிறார்கள். கர்ல் என்ற கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் புனைந்த போலிப் பாதுகாப்புக் குறை அறிக்கைகளைப் படித்தே தம் நேரம் வீணாகிறது என்று பலமுறை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

அனுமதி உள்ள இடத்திலும் என் அளவுகோல் ஒன்றுதான். 'இந்த வரி எதற்கு' என்று பராமரிப்பவர் கேட்டால், மறுபடி அந்த இயந்திரத்திடம் ஓடாமல் உங்களால் பதில் சொல்ல முடியுமா? முடியாத வரியை அனுப்பாதீர்கள்.

12. லேப்ல எழுதினதெல்லாம் காலேஜுக்குச் சொந்தம்னு ஒருத்தர் சொன்னார். அப்ப நான் எப்படி வெளியில கொடுக்கறது?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. எழுதியவரே முதல் உரிமையாளர். வேலைக்காரராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால் அது முதலாளிக்குப் போகும். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். ஆனால் சேரும்போதோ, நிதியுதவி பெற்ற ப்ராஜெக்ட்டில் இணையும்போதோ நீங்கள் கையெழுத்திட்ட படிவம் வேறு சொல்லலாம், எனவே அதை வாங்கிப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. லினக்ஸ் கெர்னல் போன்ற திட்டங்களில் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் சைன்ட்-ஆஃப்-பை என்று உங்கள் பெயரை எழுதுகிறீர்கள். இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்ற உறுதிமொழி அது. சீனியரின் நிரலை எடுத்து உங்கள் பெயரில் கொடுப்பதும் அதனால்தான் தவறு.

13. ஆறு மாசமா பண்றேன். எப்ப எனக்கு நேரடியா கமிட் பண்ற உரிமை தருவாங்க?

கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது. பிறருடைய இஷ்யூக்களுக்குப் பதில் எழுதுவது, புதியவர்களின் திருத்தங்களைச் சோதித்துச் சொல்வது என்று வேலையை எடுத்துச் செய்பவருக்கு அவர்களாகவே தருவார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட் என்ற சுருக்கக் கருவியில் திருட்டு வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல பங்களிப்பாளராக நடித்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். அதன் பிறகு எல்லோரும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். ஆறு மாதம் அங்கே மிகச் சிறிய காலம்.

14. ஒரு இஷ்யூவை நான் செய்யறேன்னு சொல்லி எடுத்துக்கிட்டேன். செமஸ்டர் வந்துடுச்சு, பாதியில நிக்குது. இப்ப எழுதவே பயமா இருக்கு.

பலர் காணாமல் போவது இந்த இடத்தில்தான். திட்டம் கஷ்டமாக இருந்து விட்டவர்களைவிட, சொன்னதைச் செய்யவில்லையே என்ற வெட்கத்தில் அந்தப் பக்கமே திரும்பாதவர்கள் எங்கள் கூட்டத்திலேயே அதிகம். 'எனக்குத் தேர்வு இருக்கிறது, இதை முடிக்க இயலவில்லை, இதுவரை செய்தது இந்த பிராஞ்சில் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதுங்கள். மன்னிப்புக் கடிதம் வேண்டாம், இந்த ஒரு வாக்கியமே போதும். தேர்வு முடிந்து வரும்போது அந்த இஷ்யூ மூடப்பட்டிருந்தால், மூடியவர் உங்கள் பிராஞ்சிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டாரா என்று பாருங்கள். எடுத்திருந்தால் பெரும்பாலும் உங்கள் பெயரையும் குறிப்பிட்டிருப்பார்.